குடல்வாலின் இடம்

மணியைத் தட்டிவிட்டு ஞானதிரவியம் கடிகாரத்தைப் பார்த்தார். இனி ஒரு நிமிடத்துக்கு அவருக்கு ஒரு வேலையும் கிடையாது. அதுதான் பெரிய சள்ளையாக இருந்தது. வேலை என்று ஒன்று இருந்தால் மனம் அதன்பாட்டுக்கு அடங்கிக் கிடக்கும். இங்கே அறுபது விநாடி சும்மா நிற்க வேண்டும், பிறகு ஒரு தட்டு, மறுபடியும் அறுபது விநாடி. மருத்துவக் கல்லூரியில் முதலாமாண்டுப் பிள்ளைகளுக்கு அன்று உடற்கூறியல் பரீட்சை. நீளமான டிசெக்‌ஷன் ஹாலில் இருபத்தைந்து மேஜை, மேஜைக்கு ஓர் உறுப்பு, உறுப்பில் குத்திய குண்டூசியில் சின்னதாக ஒரு காகிதக் கொடி. கொடி எதைக் காட்டுகிறது என்று ஒரு நிமிடத்துக்குள் எழுதிவிட்டு, மணி சத்தம் கேட்டதும் அடுத்த மேஜைக்கு நகர வேண்டும். இருபத்தெட்டு வருடமாக இந்தத் துறையின் அட்டெண்டர் அவர். உறுப்புகளைத் தொட்டியிலிருந்து எடுத்துக் கழுவி, அடுக்கி, கொடி குத்துவதிலிருந்து மணியடிப்பதுவரை அவர் கைதான். பார்மலின் நெடி பிள்ளைகளுக்குத்தான் கண்ணைக் கரிக்கும், அவருக்கு அது என்றைக்கோ விட்டுப்போயிற்று. இன்றைக்கு என்னவோ அவருக்கும் கண் கரித்தது. பதினான்காவது மேஜையைப் பார்க்கக் கூடாது என்று காலையிலேயே முடிவுகட்டியிருந்தார். முடிவுகட்டினால் கண் கேட்குமா? ஒவ்வொரு மணிக்கும் அது நேராக அங்கேதான் போய் நின்றது. பதினான்கில் இருந்தது பெருங்குடல். கொடி குத்தியிருந்தது குடல்வாலில்.

எட்டேகாலுக்கு ஷீபா போன் பண்ணியிருந்தாள். ஒரே மகள், கோவில்பட்டிப் பக்கம் பள்ளிக்கூடத்தில் டீச்சர். "எப்பா, ராத்திரியிலருந்து வயிறு சரியில்லப்பா. முதல்ல தொப்புளச் சுத்தி வலிச்சுது, ஒரு தடவ வாந்தி எடுத்தேன். இப்ப முதுகுப் பக்கமா இழுக்கு." எந்தப் பக்கம் என்று கேட்டார். வலது பக்கம், விலாவுக்குக் கீழே என்றாள். அவர் அப்போது போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார். நான்காவது பொத்தான். "தொப்புளுக்கும் இடுப்பெலும்பு முனைக்கும் நடுவுல ஒரு கோடு போட்டா, அதுல எலும்புலருந்து மூணுல ஒரு பங்கு. அங்க அழுத்திட்டு வெடுக்குன்னு கைய எடு. வலிக்கா?" அவள் அழுத்திப் பார்த்தாள். "இல்லப்பா, அங்க ஒண்ணுமில்ல." "அப்ப வாயுதாம்மா. ஓமத்தண்ணி குடி, சரியாப் போயிரும்." அவளுக்கு ஒரே சந்தோஷம். "நானும் அதான் நெனச்சேன். இன்னிக்கு ஸ்கூல்ல இன்ஸ்பெக்‌ஷன் வேற. இவங்க ஆஸ்பத்திரிக்குப் போவோம்னு நிக்காங்க, எங்கப்பாகிட்ட கேட்டுட்டுச் சொல்லுதேன்னேன். அம்மா மாதிரி நான் பிடிவாதம் பிடிக்க மாட்டேம்ப்பா, அதான் உங்ககிட்ட கேக்கேன்." சரிம்மா என்று வைத்துவிட்டு ஐந்தாவது பொத்தானைப் போட்டார், வீட்டைப் பூட்டினார், பஸ் ஏறினார், ஜன்னலோரம் இடம்கூடக் கிடைத்தது. அதற்குள் இரண்டு நிறுத்தம் தாண்டிவிட்டது. தான் என்ன சொன்னோம் என்று அப்போதுதான் காதில் விழுந்தது. அதே வார்த்தைகள், அதே வரிசை, ஓமத்தண்ணி உட்பட.

மணி. பிள்ளைகள் நகர்ந்தார்கள். பதினான்குக்கு ஒல்லியாக ஒரு பையன் வந்து நின்றான், குனிந்தான், பார்த்தவுடன் முகம் மலர்ந்து எழுத ஆரம்பித்துவிட்டான். மலராமல் என்ன செய்யும். அந்த மேஜையில் யாரும் தோற்கக் கூடாது என்றுதானே அவர் அப்படி வைத்திருக்கிறார். பெருங்குடல் மாதிரி ஒழுங்கான உறுப்பு கிடையாது என்பது ஞானதிரவியத்தின் கட்சி. சிறுகுடல் சளசளவென்று கிடக்கும், எங்கே ஆரம்பம் எங்கே முடிவு என்று பிடிபடாது. பெருங்குடல் அப்படியில்லை. வலது பக்கம் மேலே ஏறும், ஈரலுக்கடியில் திரும்பும், குறுக்கே போகும், மண்ணீரலுக்குப் பக்கத்தில் மறுபடி திரும்பி இடது பக்கமாக இறங்கும், கடைசியில் ஒரு நெளி. வயிற்றுக்கு வாசல்நிலை வைத்த மாதிரி இருக்கும். அதன் மேலே நீளவாக்கில் மூன்று பட்டை ஓடும். பட்டைகள் குடலைவிடக் குட்டை, அதனால் நாடா இழுத்த பாவாடை மாதிரி குடல் சுருங்கி அறை அறையாகப் பிதுங்கி நிற்கும். மூன்றில் எந்தப் பட்டையைப் பிடித்துக்கொண்டு வந்தாலும் வலது பக்கம் கீழே அந்தப் பை இருக்கிறதே, குடலின் தலைமாடு, அங்கே கொண்டுவந்து விட்டுவிடும். மூன்று பட்டையும் சேருகிற இடத்தில் விரல் தடிமனில் ஒரு வால். பட்டையைப் பிடித்தால் வால் கிடைக்கும், தப்பவே தப்பாது. ஆனால் அடி எங்கே இருக்கிறது என்றுதான் பட்டை சொல்லும். நுனி எந்தப் பக்கம் போகும் என்று யாரும் சொல்ல முடியாது. துறைத்தலைவி பகவதி மேடம் கடிகார முள்ளை வைத்துத்தான் பாடம் நடத்துவார்கள், நாலு மணிக்குப் போனால் கீழே இடுப்புக்குழிக்குள், இரண்டு மணிக்கு இடப்பக்கம் மேலே, பன்னிரண்டு மணி என்றால் பைக்குப் பின்னால் ஏறி ஒளிந்துகிடக்கும் என்று. அதிகம் பேருக்குப் பன்னிரண்டு மணிதான். மேடம் புத்தகத்தில் படித்துச் சொன்னார்கள், ஞானதிரவியத்துக்கு விரலில் தெரியும். இருபத்தெட்டு வருடத்தில் எத்தனை உடம்பு. ஒவ்வொன்றிலும் பையைத் தூக்கி, ஆள்காட்டி விரலைப் பின்னால் நுழைத்து, சவ்வில் ஒட்டிக்கொண்டு கிடப்பதை மெல்ல மெல்லப் பெயர்த்து, உறங்குகிற பிள்ளையின் கையைத் தலையணைக்கடியிலிருந்து எடுப்பதுபோல முன்னால் கொண்டுவருவார். கொண்டுவந்து பையின் முகப்பில் கிடத்தி, கறுப்பு நூலால் ஒரு தையல். அப்போதுதான் கொடி குத்தத் தோதாக இருக்கும், பிள்ளைகளுக்குத் தெரியும், வெளியூரிலிருந்து வருகிற எக்ஸாமினர் முகம் சுளிக்க மாட்டார். "கண்காட்சிக்கு வைக்கிற மாதிரி வச்சிருக்கீங்க, ஞானம்" என்று மேடம் ஒருமுறை பாராட்டியும் இருக்கிறார்கள். இருந்த இடத்தில் இருக்க ஒரு குடல்வாலையும் அவர் விட்டதில்லை.

பஸ்ஸிலிருந்தே ஒரு தடவை கூப்பிட்டார். மணி போய்க்கொண்டே இருந்தது, அவள் எடுக்கவில்லை, ஸ்கூட்டியில் போய்க்கொண்டிருப்பாள். இரண்டாவது தடவை கூப்பிட்டிருக்கலாம். பஸ்ஸை விட்டு இறங்கிக் கல்லூரி வாசலுக்கு நடந்த அந்த ஏழு நிமிடத்தில் தாராளமாகக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. ஒன்பதரைக்கு எல்லார் போனையும் வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டுகிறபோது தன் போனையும் உள்ளே வைத்தார். வைத்தபோது மனசுக்குள் ஒரு மூலையில் நிம்மதியாக இருந்தது, அதை நினைத்தால்தான் இப்போது அவருக்கே அருவருப்பாக இருக்கிறது. ஏன் கூப்பிடவில்லை என்பது அவருக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக்குப் போ என்றால், நீங்கதான வாயுன்னீங்க என்பாள். தப்பாகச் சொல்லிவிட்டேன் என்றால், உங்களுக்கா தப்பும் என்பாள். அவள் கேட்டுக்கொண்டே போனால் பேச்சு கடைசியில் ஓர் இடத்தில் போய்த்தான் நிற்கும், அந்த இடத்துக்கு ஆறு வருடமாக அவர் யாரையும் விட்டதில்லை. வாயுவாகத்தான் இருக்கும். ஊரில் வயிற்றுவலிக்காரர்கள் முக்கால்வாசிப் பேருக்கு வாயுதான். முப்பத்தொரு வயசுப் பிள்ளை, ராத்திரி புரோட்டா கிரோட்டா தின்றிருப்பாள். ஆனால் முதலில் தொப்புளைச் சுற்றி வலித்தது என்றாளே. பிறகு இடம் மாறியது என்றாளே. வாயு இப்படியா இடம் பார்த்துப் போய் உட்காரும்? மணியைத் தட்டினார். தட்டிய பிறகுதான் ஐந்து விநாடி முந்தித் தட்டிவிட்டோம் என்று தெரிந்தது.

தங்கபுஷ்பம் அன்றைக்கு அடுப்படியில் ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆறு வருடத்துக்கு முந்தி, புதன்கிழமை காலை. அவர் மனைவிக்கு வலி என்று சொல்கிற பழக்கமே கிடையாது, பிரசவத்தின்போதுகூட நர்ஸ்தான் வந்து சொன்னாள். அப்படிப்பட்டவள், "இங்க பாருங்க, முதுகுல வலது பக்கமா ஒரு வலி, காலத் தூக்கி வச்சா இழுக்கு" என்றாள். முந்தின நாள் கேஸ் சிலிண்டரை அவளே உருட்டி வைத்திருந்தாள், சுளுக்கு என்று நினைத்தார். வாந்தி வருது என்றதும்தான் அவருக்குள்ளிருந்த வைத்தியர் முழித்துக்கொண்டார். அவளைக் கட்டிலில் படுக்கச் சொல்லி, தொப்புளில் கட்டைவிரலும் இடுப்பெலும்பில் சுண்டுவிரலும் வைத்து அளந்து, அழுத்தி, எடுத்தார். வலிக்கவில்லை என்றாள். மறுபடி அழுத்தினார். வலிக்கவில்லை. அவருக்கு எவ்வளவு பெருமை! சேலையைச் சரி செய்து எழுந்து உட்கார்ந்தவளிடம், குடல்வால்னா துள்ளியிருப்ப, இது வாயு என்று பிள்ளைகளுக்குச் சொல்வதுபோல விளக்கமாகச் சொன்னார். ஆயிரம் தடவை காதில் விழுந்த பாடம். பத்தில் ஆறேழு பேருக்கு அது பின்னால் கிடக்கும் என்று அவர் விரலுக்குத் தெரியும், அந்த விரலாலேயே முன்னால் அழுத்திப் பார்த்தார். எப்படி மறந்தது? மறக்கவில்லை. வருடக்கணக்காக முன்னால் முன்னால் என்று தைத்துத் தைத்து, வயிறு என்று நினைத்தாலே அவர் கண்ணுக்குள் அது முன்னால்தான் வந்து நின்றது. அவரே கொண்டுவந்து வைத்த இடத்தில்தான் அவர் தேடினார். செத்தவர்கள் வயிற்றில் அவர் வைத்தபடி கிடக்கும், தங்கபுஷ்பம் உயிரோடு இருந்தாள், அவளுக்குள் அது அதன் இஷ்டத்துக்குக் கிடந்தது.

புதன் போய் வியாழன். "ஒரு எட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துருவோமே" என்றாள். மருத்துவக் கல்லூரியில் வேலை பார்க்கிறவன் பெண்டாட்டி வாயுவுக்குப் போய் ஓபி வரிசையில் நின்றால் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள் என்றார். வெள்ளிக்கிழமை காலை மறுபடி கேட்டாள், கொஞ்சம் கெஞ்சுகிற குரலில். "உனக்குத் தெரியுமா எனக்குத் தெரியுமா?" என்று ஒரு போடு போட்டுவிட்டு வேலைக்கு வந்துவிட்டார். அன்று மத்தியானம் வலி நின்றுவிட்டது என்று போன் பண்ணினாள். பாத்தியா என்றார். பாத்தியா என்று சொன்னார், வேறு எதை மறந்தாலும் அவருக்கு அது மறக்காது. வலி நின்றது வால் வெடித்ததால். சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது உடம்பு அனலாகக் கொதித்தது, வயிறு பலகையாக இருந்தது. ஆபரேஷன் பண்ணிய டாக்டர் இந்த ஹாலில் படித்த பிள்ளைதான். வெளியே வந்து முகமூடியை இறக்கிவிட்டு, "பின்னால மறைஞ்சு இருந்துச்சுண்ணே, முன்னால அழுத்துனா தெரியாது" என்றான், அவருக்கே பாடம் எடுத்தான். எல்லாம் பரவியிருச்சு, ஏன்ணே இவ்வளவு லேட்டா வந்தீங்க என்று கேட்டான். தூத்துக்குடியில் அப்போது படித்துக்கொண்டிருந்த ஷீபா பஸ் பிடித்து வந்து பக்கத்தில் நின்றாள், அவளும் அதே கேள்வியோடு அவர் முகத்தைப் பார்த்தாள். ஞானதிரவியம் வாயைத் திறந்தார். என்ன வரப்போகிறது என்று அவருக்கே தெரியாது. "அவ வர மாட்டேன்னுட்டா" என்று வந்தது.

வந்ததைத் திரும்ப எடுத்துக்கொள்ள ஞாயிறுவரை நேரம் இருந்தது. ஞாயிறு விடியற்காலையில் அவள் போய்விட்டாள், பொய் நிலைத்துவிட்டது. சர்ச் ஐயர் ஜெபம் பண்ணும்போதுகூட, தன் சரீரத்தைப் பாராமல் குடும்பத்துக்காக உழைத்த சகோதரி என்றார். வந்தவர்கள் எல்லாரும் ஆமா ஆமா, பிடிவாதக்காரி என்றார்கள். கல்லறையில் மண் போட்டுவிட்டு ஷீபா அழவில்லை, கோபமாக நின்றாள். "ஒரு வார்த்த அப்பா சொன்னதக் கேட்டிருந்தா என்னம்மா?" என்று மண்ணைப் பார்த்துக் கேட்டாள். பக்கத்தில் நின்று அவர் அதையும் கேட்டுக்கொண்டார். அதன் பிறகு அவள் எதைச் செய்தாலும் அதில் அந்தக் கோபம் ஒரு ஓரத்தில் இருக்கும். தலைவலி என்றால் மாத்திரை, காய்ச்சல் என்றால் உடனே ஒரு போன், எப்பா நீங்க சொல்லுங்க நான் கேக்கேன், நான் அம்மா இல்ல. தாயைத் தள்ளிவைத்துவிட்டுத் தகப்பனைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பிடி அவருக்கு இனித்தது. தனியாகக் கிடக்கிற மனுஷனுக்கு அது ஒன்றுதான் மிச்சம், வாரத்துக்கு நாலு போன், மாதம் ஒரு தடவை மீன் குழம்பு. ஆனால் வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது தங்கபுஷ்பம் வந்துவிடுவாள். பேயாகவெல்லாம் இல்லை, அடுப்படிச் சுவரைப் பிடித்தபடி, ஒன்றும் சொல்லாமல். அவள் பேசினாலாவது பதில் சொல்லிப் பார்க்கலாம்.

"மணி!" என்றார் எக்ஸாமினர். சேலத்திலிருந்து வந்தவர், சிடுசிடு. ஞானதிரவியம் நிமிர்ந்து பார்த்தார். கடிகாரத்தில் ஒன்றரை நிமிடத்துக்கு மேல் ஓடியிருந்தது. பிள்ளைகள் ஒருவரையொருவர் திருட்டுத்தனமாகப் பார்த்துக்கொண்டு நின்றார்கள், கிடைத்த அரை நிமிடத்தில் எழுத வேண்டியதை எழுதிக்கொண்ட சந்தோஷம் சிலர் முகத்தில். பதினான்கில் இப்போது ஒரு பெண். கண்ணாடி போட்டு, பின்னல் போட்டு, கொடியையே பார்த்துக்கொண்டு வலது கையை வயிற்றில் வைத்து நின்றது. பார்மலினுக்கு எத்தனையோ பிள்ளைகள் அப்படி வயிற்றைப் பிடிக்கும். ஷீபா இப்போது நின்றுகொண்டு பாடம் நடத்துவாள். படியேறியிருப்பாள். காலைத் தூக்கி வைத்தால் இழுக்கிறதா என்று கேட்கவில்லையே. அதைக் கேட்க வேண்டும் என்று ஒரு அறிவு கெட்ட மனுஷனுக்குத் தோன்றவில்லையே. இன்னும் பதினோரு மேஜை இருக்கிறது, அது முடிந்தால் அடுத்தடுத்த பேட்ச், எல்லாம் முடிய ஒரு மணியாகிவிடும். ஒரு மணிக்கு வலி நின்றுபோச்சுப்பா என்று சொல்வாள். தானும் பாத்தியா என்று சொல்வோமோ! அவர் மணியை எடுத்துக்கொண்டு நேராக பகவதி மேடத்திடம் போய் அவர்கள் கையில் வைத்தார். "கொஞ்சம் பிடிங்க, மேடம்." என்ன ஞானம், என்னாச்சு, யுனிவர்சிட்டி எக்ஸாம் நடக்கு என்று மேடம் சொன்னது முதுகுக்குப் பின்னால் கேட்டது. எக்ஸாமினர் இங்கிலீஷில் கத்தினார். பீரோச் சாவி அவர் இடுப்பில்தான் இருந்தது.

மூன்றாவது மணியடிப்பில் ஷீபா எடுத்தாள். பின்னால் பிள்ளைகள் வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள். "எப்பா, கிளாஸ்ல இருக்கேன், என்ன?" வலி எப்படியிருக்கு என்றார். "இருக்கு. கொஞ்சம் கூடத்தான் இருக்கு. சாயந்தரம் பாத்துக்கிடலாம்." "காலத் தூக்கி வச்சா இழுக்கா?" "ஆமா, உங்களுக்கு எப்படித் தெரியும்?" "ஷீபா, இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போ. இப்பவே." அவள் சிரித்தாள். "நீங்கதான வாயுன்னீங்க." "நான் சொன்னது தப்பு." "உங்களுக்குத் தப்புமாப்பா? இருவத்தெட்டு வருசம் அதுலயே கெடக்கீங்க. சும்மா பயப்படாதீங்க. அம்மாவுக்கும் நீங்க சரியாத்தான் சொன்னீங்க, அவதான் கேக்கல." பீரோவின் கைப்பிடியை அவர் பிடித்துக்கொண்டார். இனி ஒரு வார்த்தை சொன்னால் இந்தக் குரல் போய்விடும், எப்பா என்று கூப்பிடுகிற இந்தக் குரல். சொல்லாவிட்டால் அவள் வீட்டுக்குப் போய் ஓமத்தண்ணி குடிப்பாள். "கேட்டா" என்றார். "உங்கம்மா கேட்டா. ஆஸ்பத்திரிக்குப் போவோம்னு அவதான் சொன்னா, ரெண்டு தடவ சொன்னா. நாந்தான் வேண்டாம்னேன். இதே மாதிரி அழுத்திப் பாத்துட்டு வாயுன்னேன். அவளுக்கும் முதுகுலதான் வலிச்சுது, உனக்கு வலிக்க அதே எடம். வர மாட்டேன்னுட்டான்னு டாக்டர்ட்ட சொன்னது பொய். அவ பிடிவாதம் பிடிக்கலட்டி. நான் பிடிச்சேன்."

வாய்ப்பாடு ஓடிக்கொண்டிருந்தது. ஏழாம் வாய்ப்பாடு. அவள் மூச்சுவிடுவது கேட்டது, வலிக்கு விடுகிற மூச்சா என்று தெரியவில்லை. ஷீபா, ஷீபா என்றார். ஏழாம் வாய்ப்பாடு முடிந்து எட்டாவது ஆரம்பித்தது. "அன்னிக்கு நான் வீட்டுக்கு வந்தப்ப" என்றாள், யாரோ மாதிரி ஒரு குரலில், "கதவுப் பக்கத்துல வயர் கூடை ஒண்ணு இருந்துச்சு. துண்டு, பிளாஸ்க், அவ பைபிள், ஒரு மாத்துச் சேலை. யார் எடுத்து வச்சது?" அவர் கண்ணை மூடிக்கொண்டார். "அவதான். வெள்ளிக்கிழம காலையில." "எதுக்கு?" "நான் வேலையிலருந்து வந்ததும் கூட்டிட்டுப் போவேன்னு." போன் மேஜையில் வைக்கப்படுகிற சத்தம் கேட்டது. பிறகு கொஞ்சம் தள்ளி அவள் குரல், பக்கத்து வகுப்பைப் பார்த்து நிதானமாக, "டீச்சர், எனக்கு ஒரு ஆட்டோ கூப்பிடுங்க, ஆஸ்பத்திரிக்குப் போணும்" என்றது. நாற்காலி நகர்ந்தது, பிள்ளைகள் எழுந்து நின்று நன்றி டீச்சர் என்று இழுத்துச் சொன்னார்கள், யாரோ என்னாச்சு என்னாச்சு என்று கேட்டுக்கொண்டு ஓடிவந்தார்கள். அவரிடம் அவள் ஒன்றும் சொல்லவில்லை. போனையும் கட் பண்ணவில்லை. ஞானதிரவியம் அதைக் காதோடு வைத்தபடியே நின்று, ஒரு கால் ஊன்றி ஒரு கால் இழுத்து அவள் வகுப்பைவிட்டு வெளியே போகும் சத்தத்தை, கேட்கிற மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார்.